தடியனும் தலையாட்டியும்

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவள் 'அசையாதீங்க அக்கா'. நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். நோயாளியை நிற்க வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, முன்பல்லால் ஒரு குச்சியைக் கடிக்கச் சொல்லிவிட்டு, "அசையாதீங்க" என்று கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இயந்திரம் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். வாய்க்குள் வளைந்து நிற்கிற பற்களெல்லாம் படத்தில் ஒரே நேர் வரிசையாக, இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய் வரை நீட்டி நிமிர்ந்து நிற்கும். அசைந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஒரு வக்கீல் நடுவில் தும்மிவிட்டார். அவருடைய படத்தைப் பார்த்த டாக்டர் மனிதனுக்கு எத்தனை பல் என்று விரல்விட்டு எண்ணினார்.

வாரம் முழுக்க இப்படி நீளப்படம் எடுப்பவள் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுப்பாள் என்று நினைத்தால் தப்பு. முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு மேடு மேடாக ஏறி, அங்கேயும் நீளப்படம்தான் எடுப்பாள். பிடித்த பேய் அப்படி.

பேயைப் பிடித்துக் கொடுத்தவர் டாக்டர். அவருக்கு வருடத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. புல்லாங்குழல் வந்தது, மூச்சு வாங்கியது, போனது. சைக்கிள் வந்தது, இடுப்பு போனது. அதற்குப் பிறகு அகலப்படம் எடுக்கிற ஃபிலிம் கேமரா இரண்டு வந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு முறை வெளியே போய்வந்தவர் மறுநாள் இரண்டையும் மேஜைமேல் வைத்து, "எடுத்துட்டுப் போம்மா, என் வீட்டுக்காரி உன்னைக் கும்பிடுவா" என்றார். அக்கா எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய வீட்டுக்காரர் யாரைக் கும்பிடுவது என்று டாக்டர் யோசிக்கவில்லை.

பெரிய கேமராவுக்கு அவள் வைத்த பெயர் தடியன். ஒரு சுருள் ஃபிலிமை முழுங்கிவிட்டு நாலே நாலு படம் கொடுப்பான். ஒவ்வொன்றும் சீப்பு நீளம். சின்னதற்குப் பெயர் தலையாட்டி. அதன் லென்ஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, 'மாட்டேன்' என்று சொல்வது மாதிரித் திரும்பும். திரும்புகிற வழியில் இருப்பதையெல்லாம் படமாக வாரிக்கொள்ளும். இரண்டிலுமே பார்க்கிற கண்ணாடி வேறு, படம் எடுக்கிற கண்ணாடி வேறு. அதனால் தடியனின் மூடியைக் கழற்றாமலே ஒரு நாள் முழுக்க மலை மலையாக எடுத்துத் தள்ளினாள். குளியலறையில் வைத்துக் கழுவிப் பார்த்தால் ஃபிலிம் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. தலையாட்டி அதற்கு நேர்மாறு, வேண்டாததையும் விடாது. முதல் வருடம் அவள் எடுத்த மலைகளுக்கெல்லாம் இரண்டு பக்கமும் விரல் முளைத்திருந்தது.

பை அவளுடைய வீட்டுக்காரர் தைத்தது. அவர் பணிமனையில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர். கடையில் விற்கிற எந்தப் பையிலும் தடியன் அடங்கவில்லை என்று அவள் புலம்பியபோது, அவர் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, இருக்கைத் துணியையும் இருக்கைப் பஞ்சையும் வைத்து ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டார். அடியில் முதுகை ஒட்டித் தடியனுக்கு ஓர் அறை, அதற்கு மேல் தலையாட்டிக்கு ஒன்று, பக்கத்தில் கேமராவை நிறுத்துகிற முக்காலியைக் கட்ட இரண்டு வார், ஃபிலிம் வைக்கிற டப்பாவுக்குத் தனிப் பள்ளம். யானை மிதித்தாலும் கேமராவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே குறை, நீலத்தில் சிவப்புக் கட்டம் போட்ட அந்தத் துணி ஊரில் ஓடுகிற எல்லாப் பேருந்திலும் இருந்தது. அவள் முதல் முறை அந்தப் பையோடு பேருந்திலிருந்து இறங்கியபோது, கண்டக்டர் உள்ளே திரும்பி இருக்கைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்தார்.

அதை முதுகில் ஏற்றுவதே ஒரு வேலை. பையைக் கட்டிலில் நிறுத்தி, அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை வாருக்குள் நுழைத்துக்கொள்வாள். பிறகு வீட்டுக்காரர் பின்னாலிருந்து, நின்றுபோன வண்டியைத் தள்ளுவது போலத் தள்ளுவார். எழுந்துவிட்டால் பிரச்சினை இல்லை, நடந்துவிடுவாள். வழியில் எங்கும் உட்காரத்தான் கூடாது. ஒரு முறை பூங்கா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தவள், பெஞ்சுக்குச் சாய்மானம் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். கேமராவுக்கு அடியில்லை என்று தெரிந்த பிறகுதான் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

இத்தனை சுமந்தும் வீட்டில் மெச்ச ஆளில்லை. "எந்தப் படத்திலயும் ஒரு மனுசன்கூட இல்லையே" என்பது அவளுடைய அம்மாவின் குறை. "கல்லு, கல்லு, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல இன்னொரு கல்லு. அதை எடுக்கவா இம்புட்டுத் தூக்கிட்டுப் போற?"

மனுசரை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் மனுசரை ஒன்றாக நிறுத்த முடியாது. அக்காவுக்கு மேலே ஓர் அண்ணன், கீழே ஒரு தம்பி. அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆள் நல்ல உயரம். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் பிரேக்கைத் தேடும். தம்பி கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவன், ஆள் குள்ளம், வீம்பு மட்டும் அண்ணன் உயரத்துக்கு இருக்கும். தம்பி சொந்தமாக வரைந்து கட்டிய வீட்டுக்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். மாடிப்படிக்கு அடியில் இருந்த உத்தரத்தில் அண்ணன் மண்டையை இடித்துக்கொண்டார். வலியில், வந்தவர்கள் முன்னால், "எந்த மடையன்டா இதை வரைஞ்சது?" என்று கேட்டுவிட்டார். தம்பி, "வந்தவங்க யாருக்கும் இடிக்கலையே, உனக்கு மட்டும் என்ன?" என்றான். அவ்வளவுதான் சண்டை. ஆனால் ஏழு வருடமாக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. எல்லாம் அக்கா வழியாக. "அவன்கிட்ட சொல்லிடு, அவன் வண்டில பின்விளக்கு எரியலை." "அவர்கிட்ட சொல்லிடுக்கா, அது எனக்கே தெரியும்." இரண்டு கேமராவைச் சுமப்பதுகூட அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை, இந்த இரண்டு பேரைச் சுமப்பதில்தான் முதுகு ஒடிந்தது.

இந்த நிலையில் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு போகிறான். போனால் எப்போது திரும்புவானோ தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். பேசாமலே போய்விட்டானென்றால் அப்புறம் இந்த ஜன்மத்தில் பேச்சில்லை என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், திட்டினால்கூடப் போதும். அவளுக்கு அதை நினைத்து இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

அம்மா ஒரு வழி காட்டினாள். "அவன் போறதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக் குடு. கல்லு வேண்டாம்."

அக்கா முதலில் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

"யாரு நிக்கச் சொன்னா? என் கேமரா எவ்வளவு அகலம் எடுக்கும்னு உனக்குத் தெரியாதா? நீ இந்தக் கோடி, அவன் அந்தக் கோடி. நடுவுல மொத்தக் குடும்பமும் நிக்கும்."

"அவன் மூஞ்சி என் கண்ணுல படக்கூடாது."

"ஒரே வரிசைல நின்னா எப்படிண்ணே படும்?"

தம்பியும் அதே கேள்வியைக் கேட்டான். அவனுக்கும் அதே பதில். ஒரு குடும்பத்தை ஒன்றாக நிறுத்த முடிந்தது, அவர்கள் தள்ளித் தள்ளி நிற்க இடம் இருந்ததால்தான் என்று அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உச்சியில் சமதளம், பின்னால் தூரத்து மலைகள். அம்மா ஏறுவதற்கு மறுபக்கம் வண்டிப்பாதை இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அம்மாவையும் ஒரு மடக்கு நாற்காலியையும் அந்த வழியாகக் கொண்டுபோனார். மற்றவர்கள் படியில் ஏறினார்கள்.

கொஞ்ச தூரம் ஏறியதும், "அக்கா, அதை இங்க குடு" என்று தம்பி பையை வாங்கி மாட்டிக்கொண்டான். அடுத்த வளைவுக்குள் அவன் முகம் தக்காளிப் பழம்போல் ஆகிவிட்டது. கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ரோஷம். பையை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, காலணிக் கயிற்றைக் கட்டுகிறவன் போலக் குனிந்து, அப்படியே மேலே போய்விட்டான். பின்னால் வந்த அண்ணன் பையைப் பார்த்தார். யாரும் வைக்காமல் தானாக அங்கே முளைத்த பையை எடுப்பவர் போல எடுத்து மாட்டினார். வார் அவருக்கு அக்குளைப் பிடித்தது.

"எந்தக் குள்ளக் கத்தரிக்காய்க்கு இம்புட்டுக் குட்டையா இழுத்து வச்சிருக்கு" என்று வாரிடம் கேட்டபடி அதை நீட்டிவிட்டார்.

இன்னொரு வளைவு வந்ததும் அவருக்கும் மூச்சு வாங்கியது. பை மறுபடி ஒரு பாறைமேல் உட்கார்ந்தது. தம்பி எடுத்து மாட்டினான். இப்போது பை அவன் பின்னந்தொடையில் இடித்தது.

"எந்த ஒட்டகத்துக்கு இவ்வளவு நீளம்" என்று அவனும் வாரிடம்தான் கேட்டான்.

உச்சி வரை இப்படியே போனது. வாருக்கு மட்டும் வாயிருந்தால் அன்று நிறைய சொல்லியிருக்கும். கையை வீசிக்கொண்டு பின்னால் ஏறிய அக்காவுக்கு, அந்தப் பையை மாட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு சுகமாக மேடு ஏறியதாக நினைவில்லை.

மேலே போய்ப் பையைத் திறந்தபோதுதான் இடி விழுந்தது. தடியனை எடுத்து வைத்தாள். ஃபிலிம் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பிஸ்கட் இருந்தது. ஃபிலிம் இருந்த டப்பா வீட்டில், குளிர்சாதனப் பெட்டியில், முட்டைகளுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி. மாற்றி எடுத்து வைத்தது அவளா, வீட்டுக்காரரா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

"படம் எடுக்க முடியாதா அப்போ?" என்றாள் அம்மா. சொல்லும்போதே ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

தலையாட்டிக்குள் போன வாரம் போட்ட ஃபிலிம் இருந்தது. அக்கா எண்ணைப் பார்த்தாள். கடைசியாக ஒரே ஒரு படம் மிச்சம். ஆனால் தலையாட்டியிடம் ஒரு சிக்கல் உண்டு. அதன் முன்னால் நேர் வரிசையில் நின்றால், நடுவில் இருப்பவர்கள் பூதமாகவும் ஓரத்தில் இருப்பவர்கள் எறும்பாகவும் விழுவார்கள். எல்லாரும் ஒரே அளவில் விழ வேண்டுமானால் கேமராவைச் சுற்றி வளைந்து நிற்க வேண்டும். அப்போதுதான் படத்தில் நேர் வரிசையாகத் தெரியும்.

இதை அவள் எப்படி விளக்குவது? தனக்குத் தெரிந்த வழியில் விளக்கினாள். "எல்லாரும் ஒரு தாடைன்னு நினைச்சுக்குங்க. அம்மா முன்பல்லு. அம்மாவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு வளைஞ்சு வாங்க. அண்ணே, நீ இந்தக் கடைவாய்ப் பல்லு. தம்பி, நீ அந்தக் கடைவாய்."

எல்லாரும் தாடையாக நின்றார்கள். நின்ற பிறகுதான் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கும் விஷயம் புரிந்தது. படத்தில் ஆளுக்கு ஒரு கோடி, வாஸ்தவம். குன்றின்மேல் இருவரும் கிட்டத்தட்ட முகத்துக்கு முகம். நடுவில் ஒரு முக்காலியும் அதன்மேல் ஒரு சின்னக் கேமராவும் மட்டும்.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன்.

"அக்கா, நீ வேற மாதிரி சொன்னியே" என்றான் தம்பி.

"தடியன்ல எடுத்திருந்தா நேரா நின்னிருக்கலாம். பிஸ்கட்டைத்தான் கேக்கணும்" என்றாள் அக்கா. அவள் குரலில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

அம்மா நாற்காலியிலிருந்து, "எனக்குக் கால் மரத்துப்போகுது, சீக்கிரம்" என்றதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா ரசமட்டம் பார்த்து முக்காலியைச் சரிசெய்தாள். வேண்டுமென்றே நிதானமாகச் செய்தாள் என்று அண்ணி பிறகு சொன்னாள். அதுவரை இரண்டு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், வேறு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏழு வருடத்தில் தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

"பட்டனை மாத்திப் போட்டிருக்கான் பாரு" என்று பக்கத்தில் நின்ற அண்ணியிடம் முணுமுணுத்தார். "ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அண்ணி.

மேகம் மூடி வெளிச்சம் குறைந்துவிட்டதால் தலையாட்டியை மிக மெதுவான வேகத்தில் வைத்தாள் அக்கா. அந்த வேகத்தில் அது தலையைத் திருப்பி முடிக்க, ஒருவர் ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்துவிடலாம். "அண்ணன்கிட்ட ஆரம்பிச்சுத் தம்பிகிட்ட முடியும். உங்களைத் தாண்டிப் போயிடுச்சுன்னா நீங்க மூச்சு விடலாம். அதுவரைக்கும் அசையாதீங்க."

பொத்தானை அழுத்தினாள். லென்ஸ் அண்ணனைப் பார்த்தது. அவர் உலகத்தின்மேலேயே கோபம் கொண்டவர் போல விறைத்து நின்றார். அது அவரைத் தாண்டி அண்ணிக்குப் போனது. அண்ணனுக்கு விடுதலை. அவர் தோளைத் தளர்த்தினார், எதிரே பார்த்தார், பொறுக்க முடியவில்லை.

"டேய். பட்டன்."

தம்பி உதட்டை அசைக்காமல், பல்லுக்குள்ளிருந்து பேசினான்.

"அசையக்கூடாது."

"இந்தச் சட்டையோடயா காலத்துக்கும் நிக்கப்போற போட்டோல?"

"அசையக்கூடாதுன்னு அக்கா சொல்லிருக்கா."

லென்ஸ் பிள்ளைகளைத் தாண்டி அம்மாவிடம் வந்திருந்தது. அண்ணன் உச்சுக்கொட்டினார். கற்றுக்கொள்ள வந்தவன் பிரேக்கை மிதிக்காவிட்டால் தானே மிதிக்கிற மனிதர் அவர். கேமராவுக்குப் பின்னால், அக்காவின் முதுகை ஒட்டி, விறுவிறுவென்று குறுக்கே நடந்தார். மண்ணில் அவர் செருப்புச் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. அவர் எங்கே போகிறார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு படம்தான் மிச்சம், அது பாழாகப்போகிறது என்பதும் தெரிந்தது. நாளெல்லாம் சொல்கிற அந்த ஒரு சொல் தொண்டை வரை வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அதை விழுங்கிக்கொண்டாள்.

லென்ஸ் மறுகோடிக்கு வந்து சேர்ந்தபோது அண்ணன் குனிந்து, தம்பியின் சட்டையில் மூன்றாவது பட்டனில் இருந்தார்.

"அங்க போயும் இப்படித்தான் போடுவியா? அங்க யாரு இருக்கா உனக்குப் பார்த்துச் சொல்ல?"

தலையாட்டி திரும்பி முடித்துக் 'களுக்'கென்றது. "முடிஞ்சுது" என்று அக்கா சொன்ன பிறகும் தம்பி அசையாமல்தான் நின்றான். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவேண்டியிருந்ததால்தான் அசைந்தான். அக்கா கேமராவின்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் ஏதோ கேமராவுக்குள் பார்க்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

இறங்கும்போது பையை யார் தூக்குவது என்று இருவருக்கும் சத்தமாகச் சண்டை வந்தது. நேருக்கு நேர் போட்ட சண்டை. கடைசியில் அக்காவின் வீட்டுக்காரர் வாங்கி மாட்டிக்கொண்டு, தான் தைத்த பை எவ்வளவு கனம் என்பதை முதல் தடவையாக அறிந்துகொண்டார்.

விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் அம்மா வீட்டில் கூடினார்கள். அக்கா படத்தைச் சுவர் நீளத்துக்குப் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்து விரித்தாள். மலைகளுக்கு முன்னால் குடும்பம் அளவெடுத்த மாதிரி நேர் வரிசையில் நின்றது. இடது கோடியில் அண்ணன், முறைத்துக்கொண்டு. வலது கோடியில் தம்பி, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு மூஞ்சியோடு. அவனுக்குப் பக்கத்தில் மறுபடியும் அண்ணன், கொஞ்சம் கலங்கலாக, குனிந்து பட்டன் போட்டுக்கொண்டு.

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் இப்படி ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக விரலால் தொட்டுப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், மறுபடி இந்தக் கோடிக்கு வந்தாள்.

"பெரியவன் ரெண்டு பேரு இருக்கானே" என்றாள். "இந்தக் கோவக்காரன் எனக்கு வேண்டாம். வெட்டிட்டு மாட்டு."

அக்காவுக்குக் கை வரவில்லை. அண்ணன்தான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தார். படத்தின் இடது ஓரத்தைத் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "அசையாம பிடிடா" என்று சொல்லிவிட்டுத் தன்னை மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினார். அதோடு அண்ணியின் தோளும் கொஞ்சம் போய்விட்டது. அண்ணி அதைப் பெரிதுபடுத்தவில்லை.